டெஸ்டிட்யூட் என்றால் வெறும் 'ஏழை' தானா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

நிலாமுற்றம்:

வணக்கம் நண்பர்களே. வறுமை ஒழிப்பு பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரே வாக்கியத்தில் புவர், நீடி, டெஸ்டிட்யூட் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் சொல்லுக்கு 'ஏழைகள்', இரண்டாவதற்கு 'உதவி தேவைப்படுவோர்' என்று எழுதிவிட்டேன், மூன்றாவதில் சிக்கிக்கொண்டேன். அகராதியைப் புரட்டினால் வறிய, ஏழையான, ஆதரவற்ற, அற்ற, இல்லாத என்று வரிசையாகப் பொருள் கொடுக்கிறது. 'ஏழையான' என்பதும் 'அற்ற' என்பதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன?

இன்னொன்று. டெஸ்டினி என்றால் விதி. இந்தச் சொல்லும் அதே மாதிரித்தான் தொடங்குகிறது. விதி கைவிட்டவர் என்கிற மாதிரி ஏதாவது உள்ளே இருக்கிறதா? இல்லை, இன்ஸ்டிட்யூட், கான்ஸ்டிட்யூஷன், சப்ஸ்டிட்யூட் என்று முடிகிற கூட்டத்தைச் சேர்ந்ததா? அப்படியானால் ஒரு நிறுவனத்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத மனிதருக்கும் சொல் அளவில் என்ன உறவு இருக்க முடியும்?

ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஏன் அந்தச் சொல் என்பதையும் கொஞ்சம் விளக்கினால்தான் எனக்கு நிம்மதியாக எழுத வரும்.

வேர்தேடி:

நல்ல கேள்வி. உங்கள் இரண்டாவது ஊகம்தான் சரி. ஆனால் முதல் ஊகத்தையும் முழுக்கத் தள்ள முடியாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லத்தீனில் ஸ்டாட்டுவெரே என்று ஒரு வினைச்சொல். நிற்கவைப்பது, நிறுத்துவது, ஓரிடத்தில் வைப்பது என்று பொருள். 'நிற்பது' என்று பொருள்படும் ஸ்டாரே என்ற சொல்லோடு சேர்ந்தது அது. இந்த ஸ்டாட்டுவெரேவுக்கு முன்னால் சின்னச் சின்ன ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் நீங்கள் சொன்ன கூட்டம் முழுவதும் வந்துவிடும். இன்ஸ்டிட்யூட் என்பது ஒன்றை நிறுவுவது. கான்ஸ்டிட்யூட் என்பது பலவற்றைச் சேர்த்து நிற்கவைப்பது. சப்ஸ்டிட்யூட் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை நிறுத்துவது. ரெஸ்டிட்யூஷன் என்றால் எடுத்ததைத் திரும்ப அதன் இடத்திலேயே வைப்பது, அதனால்தான் சட்டத்தில் இழப்பை ஈடுசெய்வதற்கு அந்தச் சொல் வருகிறது. ப்ராஸ்டிட்யூட் என்ற சொல்கூட 'முன்னே நிறுத்துவது', அதாவது விற்பனைக்கு எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பது என்ற பொருளில் பிறந்ததுதான்.

தமிழிலும் 'நிறுவனம்' என்பது 'நிறுவு' என்பதிலிருந்து வந்தது. நில், நிறுத்து, நிறுவு, நிலை எல்லாம் ஒரே குடும்பம். மொழிகள் வேறு, கருத்து ஒன்றுதான்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். டெ என்ற ஒட்டுக்கு 'விலகி', 'அப்பால்' என்று பொருள். டெ சேர்ந்த டெஸ்டிட்டுவெரே என்றால் ஒருவரைத் தனியே ஓரிடத்தில் நிறுத்திவிட்டு விலகிப் போவது. அதிலிருந்து கைவிடுவது, நம்பியவரை ஏமாற்றுவது என்றெல்லாம் லத்தீனிலேயே பொருள் விரிந்துவிட்டது. டெஸ்டிட்யூட்டஸ் என்றால் அப்படிக் கைவிடப்பட்டவர். ஆக, இந்தச் சொல்லின் அடியில் பணமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது, துணியும் கிடையாது. ஒருவர் இருந்தார், போய்விட்டார், இன்னொருவர் அங்கேயே நிற்கிறார், அவ்வளவுதான்.

நாம் 'குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்' என்று சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு லத்தீன் வினைச்சொல்லுக்குள் அடைத்தால் டெஸ்டிட்டுவெரே வரும். நம் வழக்கிலும் பாருங்கள், 'நிறுத்திவிட்டு' என்ற சொல்லே வருகிறது. இவ்வளவு நெருக்கமான இணை வேறு மொழிகளில் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆங்கிலத்துக்கு இது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அப்போது 'கைவிடப்பட்ட', 'துணையற்ற' என்ற பொருள்தான். 16ஆம் நூற்றாண்டில்தான் 'வாழ வழியில்லாத அளவுக்கு வறிய' என்ற பொருள் நிலைபெறுகிறது. இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருந்தது 'டெஸ்டிட்யூட் ஆஃப்' என்ற தொடர். ஒன்று உன்னைக் கைவிட்டது என்றால் அது உன்னிடம் இல்லை. நம்பிக்கை கைவிட்டால் நம்பிக்கை அற்றவன், நண்பர்கள் கைவிட்டால் நண்பர்கள் அற்றவன். இப்படி 'இன்னது அற்ற' என்று சொல்லிச் சொல்லிப் பழகி, கடைசியில் 'இன்னது' என்பதைச் சொல்லாமலே விட்டார்கள். எது இல்லை என்று குறிப்பிடாவிட்டால் எல்லாமே இல்லை என்றுதானே அர்த்தம். அகராதியில் நீங்கள் பார்த்த 'அற்ற' என்பதும் 'ஏழையான' என்பதும் ஒரே சொல்லுக்குள் வந்த வழி இதுதான்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் 'கைவிடப்பட்ட' என்ற பொருளும் 'அற்ற' என்ற பொருளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சங்கீதம் 141இல் 'என் ஆன்மாவைக் கைவிட்டுவிடாதே' என்று மன்றாடுகிற இடத்தில் டெஸ்டிட்யூட் என்ற சொல் வருகிறது, அது பழைய பொருள். யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் உடையும் அன்றாட உணவும் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல்தான், 'டெஸ்டிட்யூட் ஆஃப்' என்ற தொடராக, அது 'அற்ற' என்ற பொருள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் இருந்தது, கைவிடுவது, பதவியிலிருந்து இறக்குவது என்ற பொருள்களில். ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இன்றும் அதே லத்தீன் வினையிலிருந்து வந்த சொற்கள் பதவிநீக்கத்தைத்தான் குறிக்கின்றன. ஸ்பானியச் செய்தியில் ஓர் அதிபரைப் பற்றி இந்தச் சொல் வந்தால் அவர் ஏழையாகிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள், அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் டெஸ்டினி. அது டெஸ்டினாரே என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒன்றை அசையாமல் உறுதியாக நிலைநிறுத்துவது என்று பொருள். அங்கே டெ என்பது 'விலகி' என்ற பொருளில் வராமல் 'முழுக்க' என்று அழுத்தம் கொடுக்க வருகிறது. இரண்டுக்கும் ஆழத்தில் உள்ள வேர் அதே 'நில்' என்பதுதான், ஆகவே தூரத்து உறவு உண்டு. ஆனால் விதி கைவிட்டவர் என்ற கருத்து இந்தச் சொல்லுக்குள் இருந்ததே இல்லை.

கல்மரம்:

சட்டத்துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் குடியேற்ற, புகலிடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு. தங்கப் போதுமான இடமும் அதைப் பெறும் வழியும் இல்லாதவர் டெஸ்டிட்யூட், அவருடைய மற்றத் தேவைகள் நிறைவேறினாலும் சரி, நிறைவேறாவிட்டாலும் சரி. அல்லது தங்க இடம் இருந்தும் வாழ்க்கையின் மற்ற அத்தியாவசியத் தேவைகளைச் சமாளிக்க முடியாதவரும் டெஸ்டிட்யூட். இரண்டில் ஒன்று போதும். 'பெறும் வழியும் இல்லாதவர்' என்பதைக் கவனியுங்கள். இப்போது கையில் இல்லை என்பது மட்டும் போதாது, கிடைக்க வழியும் இருக்கக்கூடாது. என்னைக் கேட்டால் ஏழை என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சொற்றொடரில்தான் இருக்கிறது.

ஜோசஃப் ரவுன்ட்ரீ அறக்கட்டளை என்று பிரிட்டனில் வறுமை ஆய்வு செய்கிற ஓர் அமைப்பு உண்டு. அவர்கள் இன்னும் திட்டமாக எழுதியிருக்கிறார்கள்: இருப்பிடம், உணவு, கதகதப்பு, விளக்கு வெளிச்சம், பருவத்துக்கேற்ற உடையும் காலணியும், சோப்பு பற்பசை போன்ற சுத்தத்துக்கான பொருள்கள் என்ற 6 அத்தியாவசியங்களில் 2 அல்லது அதற்கு மேல், வாங்கப் பணமில்லாததால் கடந்த ஒரு மாதத்தில் கிடைக்காமல் போயிருந்தால் அவர் டெஸ்டிட்யூட். வருமானம் மிக மிகக் குறைவாக இருந்து இவற்றை வாங்கவே முடியாத நிலையில் இருப்பவரும் கணக்கில் வருவார். உங்கள் அறிக்கை எந்த நாட்டு அமைப்பு எழுதியது என்று பாருங்கள், இப்படி ஒரு வரையறையை முன்பக்கத்திலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அகராதியை மூடிவிட்டு அந்த வரையறையைப் பின்பற்றுவதுதான் முறை.

நிலாமுற்றம்:

இருவருக்கும் நன்றி. வரையறை எதுவும் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன். வேர்தேடி ஐயா, அந்த 'ஸ்டா' என்ற ஒலியைப் பார்த்ததும் ஸ்தானம், ஸ்தாபனம் எல்லாம் ஞாபகம் வந்தது. வடமொழியிலிருந்து லத்தீனுக்குப் போனதா இது?

வேர்தேடி:

போகவில்லை. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஸ்தா என்றால் சமஸ்கிருதத்தில் நில் என்று பொருள், லத்தீனில் ஸ்டாரே, ஆங்கிலத்தில் ஸ்டாண்ட். எல்லாம் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்த ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்தவை. 1786இல் வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் பேசியபோதே சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொதுமூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, உண்மை அதைவிட எவ்வளவோ சுவையானது.

ஸ்தாபனம் என்பது 'நிற்கவைத்தது', அதாவது அப்படியே இன்ஸ்டிட்யூட். தாவரம் என்ற சொல்லும் ஸ்தாவரம் என்பதிலிருந்து வந்தது, நின்ற இடத்திலேயே நிற்பது. இவற்றையெல்லாம் விட நம் கேள்விக்கு நெருக்கமானது அவஸ்தை. அவ என்ற ஒட்டுக்குக் 'கீழே', 'விலகி' என்ற பொருள்கள் உண்டு, ஸ்தா என்றால் நில். சமஸ்கிருதத்தில் அவஸ்தா என்றால் வெறும் 'நிலை' மட்டும்தான், நல்லதா கெட்டதா என்ற சாயல் அதில் கிடையாது. தமிழுக்கு வந்த பிறகுதான் படாத பாடு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. டெஸ்டிட்யூட் என்பதும் அவஸ்தை என்பதும் ஒரே வேரின் மேல் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டோடு கட்டப்பட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டும் துன்பத்தில் போய் முடிந்திருக்கின்றன.

கருங்குயில்:

இங்கே நான் பேசவேண்டியது தமிழ்ச் சொல்லைப் பற்றித்தான். 'ஏழை' போதாது என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை. ஏழைக்கு ஒரு குடிசை இருக்கலாம், தொழில் இருக்கலாம், அடுத்த வேளை எங்கிருந்து வரும் என்று தெரிந்திருக்கலாம்.

முதலில் 'அற்ற', 'ஏழையான' என்ற குழப்பம். இது ஆங்கிலத்தின் விநோதம் என்று நினைக்க வேண்டாம், நாமும் தினமும் இதையே செய்கிறோம். 'இல்லாதவர்களுக்குக் கொடு' என்றால் என்ன இல்லாதவர் என்று யாரும் கேட்பதில்லை. 'இல்லாமை' என்றால் வறுமை. திருக்குறளில் 105ஆம் அதிகாரத்துக்குப் பெயர் நல்குரவு, ஆனால் அதன் முதல் குறளிலேயே வறுமைக்கு வருகிற சொல் 'இன்மை'. இன்மையைப் போலக் கொடியது எது என்று கேட்டால் இன்மையைப் போலக் கொடியது இன்மையேதான் என்கிறார். இல்லாதிருத்தல் என்ற பொதுச்சொல் அங்கே வேறு எதையும் துணைக்கு அழைக்காமல் தனியே நின்று வறுமை ஆகிறது. டெஸ்டிட்யூட் ஆஃப் என்பது டெஸ்டிட்யூட் ஆனதும் இதே வழியில்தான்.

அதனால் முதல் விதி: பின்னால் 'ஆஃப்' வந்தால் யோசிக்காமல் 'அற்ற', 'இல்லாத' என்று போடுங்கள். வேர்தேடி சொன்ன யாக்கோபு நிருபத்தின் அந்த இடத்தில் தமிழ் விவிலியம் 'அநுதின ஆகாரமில்லாமலும்' என்று எளிமையாகத்தான் சொல்கிறது. வேறு சொல் தேடவே இல்லை.

தனியாக வரும்போதுதான் கஷ்டம். அதற்கும் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சங்கீதம் 102இல் ஆங்கிலத்தில் டெஸ்டிட்யூட் என்று வருகிற இடத்தில் தமிழில் 'திக்கற்றவர்களுடைய ஜெபத்தை' என்று வரும். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. திக்கு என்றால் திசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் போக இடமில்லாதவர், யாரிடம் போய் நிற்பது என்று தெரியாதவர். 'திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை' என்ற பழமொழியை நினைத்துப் பாருங்கள், அதில் 'திக்கற்றவர்' என்ற இடத்தில் 'ஏழை' என்று போட்டால் பழமொழியின் பொருளே மாறிவிடும். எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்பதால்தான் தெய்வம் அங்கே வருகிறது.

இதே வட்டத்தில் கதியற்ற, நிர்க்கதியான, போக்கிடமற்ற என்று நிறைய இருக்கின்றன. கதி என்றால் போகும் வழி, புகலிடம். அகதி என்ற சொல்லும் முதலில் இதே பொருளில்தான் இருந்தது, கதி இல்லாதவர். பிறகு நாடு விட்டு நாடு தஞ்சம் போகிறவருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. அதனால் இன்று டெஸ்டிட்யூட் என்பதற்கு அகதி என்று எழுத முடியாது, தவறான பொருள் வந்துவிடும். அநாதை என்பதும் நாதன் இல்லாதவர், காப்பவர் இல்லாதவர் என்றுதான் தொடங்கியது, அது இப்போது பெற்றோரை இழந்த பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாதியற்ற, வக்கற்ற இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். பேச்சில் அவை வசவுச் சொற்களாகத்தான் காதில் விழும், ஓர் அறிக்கையில் மனிதர்களை அப்படிக் குறிப்பிடக்கூடாது.

என் தேர்வு 'திக்கற்றோர்'. அறிக்கை நடைக்கு அது கொஞ்சம் கனமாகப் பட்டால் 'ஆதரவற்றோர்'.

கல்மரம்:

கருங்குயில் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். 'ஆதரவற்றோர்' என்று படித்ததும் வாசகர் மனத்தில் என்ன வரும்? உற்றார் உறவினர் இல்லாதவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், இல்லத்தில் வளரும் குழந்தை. இன்றைய ஆங்கில அறிக்கைகளில் வருகிற டெஸ்டிட்யூட் அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம், ஒருவர் வேலைக்குக்கூடப் போகலாம், இருந்தும் அந்த மாதம் வெளிச்சத்துக்கும் உணவுக்கும் வழியில்லாமல் போகலாம். நான் மேலே சொன்ன வரையறைப்படி அந்தக் குடும்பம் முழுவதும் டெஸ்டிட்யூட். அவர்களை ஆதரவற்றோர் என்று தமிழில் எழுதினால் உண்மைக்கே மாறாக எழுதுகிறோம். யாரும் கைவிட்டார்கள் என்ற செய்தி அந்த அறிக்கையில் கிடையாது, நாமே சேர்க்கிறோம். சொல்லின் பிறப்பு வேறு, அது இன்று செய்கிற வேலை வேறு. மொழிபெயர்ப்பவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

'அடிப்படைத் தேவைகளுக்கும் வழியற்றோர்' என்று விரித்து எழுதுவது நல்லது. நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

வேர்தேடி:

கல்மரம், பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். 'லெஃப்ட் டெஸ்டிட்யூட்' என்பதுதான் மிகவும் பழகிய சேர்க்கை. கணவர் இறந்தார், நிறுவனம் மூடியது, போர் வந்தது, வெள்ளம் வந்தது, அவர்கள் டெஸ்டிட்யூட் ஆக விடப்பட்டார்கள். ஏதோ ஒன்று போய்விட்டது, இவர்கள் நிற்கிறார்கள் என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே அந்தச் சொல் வருகிற வாக்கியத்தில் ஒரு நிகழ்வோ ஓர் ஆளோ காரணமாகச் சொல்லப்பட்டிருந்தால் 'நிர்க்கதியானார்கள்', 'நடுத்தெருவுக்கு வந்தார்கள்' என்று எழுதுவது துல்லியமாக இருக்கும். நிலையை மட்டும் சொல்கிற புள்ளிவிவர வாக்கியமாக இருந்தால் நீங்கள் சொன்ன 'வழியற்றோர்'.

பழஞ்சுவடி:

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. வறுமையைச் சொல்கிற மற்ற ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் டெஸ்டிட்யூட் தனியாள் இல்லை என்று தெரியும்.

பெரெஃப்ட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. பெரெஃப்ட் என்றால் கொள்ளை கொடுத்தவர். டிப்ரைவ்ட் என்பதன் அடியில் உள்ள லத்தீன் வினைக்குப் பிரித்தெடுப்பது, பறிப்பது என்று பொருள். ஆக, கைவிடப்பட்டவர், கொள்ளை கொடுத்தவர், பறிகொடுத்தவர். மூன்று சொல்லிலும் இன்னொரு ஆள் செய்த காரியம் ஒளிந்திருக்கிறது. தமிழில் வறுமை என்பதோ வறத்தல், அதாவது காய்ந்துபோவது என்பதோடு சேர்ந்தது. வறம் என்ற பழைய சொல்லுக்கு மழையில்லாத வறட்சி என்றும் பொருள், வறுமை என்றும் பொருள். அதில் யாரும் எதையும் செய்யவில்லை, வானம் பொய்த்தது, நிலம் காய்ந்தது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் ஒருவர் ஏன் இல்லாதவர் ஆனார் என்ற கேள்விக்கான பதில் சொல்லின் தேர்விலேயே பாதி வந்துவிடுகிறது.

வான்ட் என்ற சொல்லை நாம் 'விரும்பு' என்றே படித்து வளர்ந்திருக்கிறோம். அதன் பழைய பொருள் 'இல்லாமல் இருப்பது'. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் அந்தச் சொல்தான் வருகிறது, தமிழில் 'தாழ்ச்சியடையேன்'. 'நான் விரும்பமாட்டேன்' என்று அங்கே படித்தால் பொருளே புரியாது. இல்லாததைத்தான் தேடுவோம், தேடுவதை விரும்புவோம், அப்படியே 'விரும்பு' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வலுத்தது. ஆனால் பெயர்ச்சொல்லாக அது 20ஆம் நூற்றாண்டிலும் இல்லாமையைக் குறித்துக்கொண்டிருந்தது. 1941இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்கள் என்று பேசியதில் ஒன்று 'வான்ட்' என்பதிலிருந்து விடுதலை. 1942இல் பிரிட்டனில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை எதிர்த்து வீழ்த்த வேண்டிய 5 அரக்கர்களில் ஒன்றாக அதையே சொன்னது, மற்றவை நோய், அறியாமை, அழுக்கும் நெருக்கடியுமான வாழிடம், வேலையின்மை. இந்த வான்ட் என்ற சொல்லுக்கும் நம்மிடம் வழங்குகிற ஊனம் என்ற சொல்லுக்கும் ஒரே மூலம். ஊனம் சமஸ்கிருதத்தின் ஊன என்பதிலிருந்து வந்தது, குறைவான, போதாத என்று பொருள்.

இன்டிஜென்ட் என்று ஒன்று இருக்கிறது, நீதிமன்ற ஆவணங்களில் வரும். வக்கீல் வைக்கப் பணமில்லாத குற்றம்சாட்டப்பட்டவருக்கு அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது, அப்படிப்பட்டவரைக் குறிக்கும் சொல் அது. லத்தீனில் தேவைப்படுவது, இல்லாதிருப்பது என்ற வினையிலிருந்து வந்தது. மண்ணின் மக்களைக் குறிக்கிற இன்டிஜினஸ் என்பதோடு ஒலியில் மட்டும்தான் ஒற்றுமை, பலர் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்டிஜென்ட் என்பதை வைத்து ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கோடு போட்டார். பிழைக்க உழைத்தே ஆக வேண்டும் என்ற நிலை பாவர்ட்டி. உழைக்க முடியாத நிலை, அல்லது உழைத்தும் பிழைப்புக்குக் கிடைக்காத நிலை இன்டிஜென்ஸ். முதல் வகையில் மனிதகுலத்தில் பெரும்பான்மை வந்துவிடும். இங்கிலாந்தில் 1834இல் ஏழையர் சட்டத்தைத் திருத்தியபோது அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கை இதே கோட்டை எடுத்துக்கொண்டு, அரசின் உதவி இரண்டாவது வகைக்கு மட்டும்தான் என்றது. உழைக்கும் ஏழைக்கு ஒன்றும் கிடையாது, உதவி வேண்டும் என்றால் பணிவிடுதிக்குள், அதாவது உதவி பெறுவோர் தங்கி வேலை செய்ய வேண்டிய விடுதிக்குள், போக வேண்டும். ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் போட்ட கோட்டில் எத்தனையோ குடும்பங்களின் சோறு தொங்கியது. அதனால்தான் நிலாமுற்றம் அவர்கள் மூன்று சொற்களையும் ஒரே தமிழ்ச் சொல்லில் தள்ளிவிடாமல் இங்கே வந்து கேட்டது எனக்கு மகிழ்ச்சி.

கூடுதலாக ஒன்று. குறும்புக்காரக் குழந்தையைச் சொல்கிற நாட்டி என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான். நாட் என்றால் ஒன்றுமில்லை, 14ஆம் நூற்றாண்டில் நாட்டி என்றால் ஒன்றுமில்லாத ஏழை. பிறகு ஒழுக்கமில்லாதவர் என்று மாறி, அதற்குப் பிறகு குறும்பு என்று இலேசாகியது. ஏழை என்ற சொல் கெட்டவன் என்ற சொல்லாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். வக்கற்ற என்பதைத் தொடாதீர்கள் என்று கருங்குயில் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

நிலாமுற்றம்:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்த மூன்று சொல் வாக்கியத்தில் காரணம் எதுவும் இல்லை, நிலையை மட்டும்தான் சொல்கிறது. ஆகவே 'ஏழைகள், உதவி தேவைப்படுவோர், அடிப்படைத் தேவைகளுக்கும் வழியற்றோர்' என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னும் கீழே, குடும்பத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் இறந்த பிறகு மனைவியும் பிள்ளைகளும் 'லெஃப்ட் டெஸ்டிட்யூட்' என்று ஓர் இடம் வருகிறது. அங்கே 'நிர்க்கதியாக நின்றார்கள்' என்று எழுதலாம் என்று தோன்றுகிறது. டெஸ்டிட்யூஷன் என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அமையவில்லை. தலைப்பாக வருவதால் 'வழியற்ற நிலை' என்றால் மொட்டையாக இருக்கிறது.

கருங்குயில்:

'நிர்க்கதியாக நின்றார்கள்' அருமை, மாற்றாதீர்கள். தலைப்புக்குக் 'கடும் இல்லாமை' என்று போட்டுப் பாருங்கள். வறுமை என்ற சொல்லை பாவர்ட்டிக்கு விட்டுவிட்டால் இரண்டும் அறிக்கை முழுவதும் கலக்காமல் இருக்கும்.

கல்மரம்:

எனக்கும் சம்மதம். முதல் முறை வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு கொடுத்து, இருப்பிடமும் உணவும் உடையும் போன்றவற்றுக்கே வழியில்லாத நிலையை இந்தச் சொல் குறிக்கிறது என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் 'கடும் இல்லாமை' என்றே போகலாம்.